இலத்தீனில் குறுமைப் பெயரடைகள்

இலத்தீன் மொழியில் குறுமைப் பெயரடை என்பது, ஒரு பெயரடையுடன் சிறுமையைக் குறிக்கும் பின்னொட்டு ஒன்றைச் சேர்த்து ஆக்கப்படும் மற்றொரு பெயரடை ஆகும். 'சிறிய' எனப் பொருள்படும் 'பார்வுஸ்' என்னும் சொல்லிலிருந்து 'பார்வுலுஸ்' என்பதும், 'இரங்கத்தக்க' எனப் பொருள்படும் 'மிசெர்' என்னும் சொல்லிலிருந்து 'மிசெல்லுஸ்' என்பதும் இவ்வாறு பிறந்தவை.

பெயர்ச்சொல் ஒன்றைக் குறுமைப்படுத்தினால் விளைவு எளிதில் புரியும். 'லிபெர்' என்றால் நூல். 'லிபெல்லுஸ்' என்றால் சிறு நூல். பெயரடையோ பொருளைக் குறிப்பதில்லை, பண்பைக் குறிக்கிறது. குளிர்ச்சிக்கும் வறட்சிக்கும் களைப்புக்கும் நீள அகலம் கிடையாது. ஆகவே 'குளிர்ந்த' என்னும் சொல்லைச் சிறிதாக்கினால் சிறிதாவது எது என்ற கேள்வி எழுகிறது. சில இடங்களில் பண்பின் அளவு குறைகிறது. சில இடங்களில் அப்பண்பை உடைய பொருள் சிறியது என்பது பெறப்படுகிறது. மிகப் பல இடங்களில் இவ்விரண்டும் நிகழ்வதில்லை. பேசுபவர் அப்பொருளை எந்த மனநிலையில் பார்க்கிறார் என்பதையே பின்னொட்டு காட்டுகிறது. பரிவு, கொஞ்சல், ஏளனம், வெட்கம், தன்னடக்கம் ஆகியவை அனைத்தையும் இந்தச் சிறு ஒட்டு தாங்கக்கூடியது. இவற்றுள் எது பொருந்தும் என்பதை இடம் நோக்கியே முடிவு செய்ய இயலும்.

சொல்லாக்கம்

பின்னொட்டின் அடிப்படை வடிவம் '-லோ-' என்பதாகும். அடிச்சொல்லின் இறுதி ஒலிக்கேற்ப அது பல உருவங்களைப் பெறுகிறது. '-உஸ்' என முடியும் பெரும்பாலான பெயரடைகள் '-உலுஸ்' பெறும்: 'அல்புஸ்' (வெண்மையான) – 'அல்புலுஸ்', 'ஃபிரிகிதுஸ்' (குளிர்ந்த) – 'ஃபிரிகிதுலுஸ்'. பின்னொட்டுக்கு முன் உயிரொலி நின்றால் உகரம் ஒகரமாகும்: 'அவ்ரெயுஸ்' (பொன்னாலான) – 'அவ்ரெயோலுஸ்', 'எப்ரியுஸ்' (குடிமயக்கமுள்ள) – 'எப்ரியோலுஸ்'.

'-எர்' என முடியும் சொற்களில் ரகரம் அடுத்து வரும் லகரத்தோடு கலந்து இரட்டிக்கிறது. 'நிகெர்' (கரிய) 'நிகெல்லுஸ்' ஆவதும், 'தெனெர்' (மென்மையான) 'தெனெல்லுஸ்' ஆவதும், 'புல்கெர்' (அழகிய) 'புல்கெல்லுஸ்' ஆவதும் இவ்விதியால்தான். இவ்வகையில் வியப்பூட்டும் சொல் 'பெல்லுஸ்'. 'நல்ல' எனப் பொருள்படும் 'போனுஸ்' என்னும் சொல்லின் பழைய வடிவம் 'துவெனோஸ்'. அதன் குறுமை வடிவமே ஒலிமாற்றங்களுக்கு உட்பட்டு 'பெல்லுஸ்' ஆயிற்று. வரலாற்றை அறியாதவர் இவ்விரு சொற்களுக்கும் உறவு உண்டென்று கருத வாய்ப்பில்லை. 'எந்த ஒன்றும்' எனப் பொருள்படும் 'உல்லுஸ்' என்பதும் இத்தகையதே. அது 'ஒன்று' எனப் பொருள்படும் 'ஊனுஸ்' என்பதன் குறுமை வடிவம்.

மூன்றாம் பிரிவுப் பெயரடைகள் '-குலுஸ்' பெறும்: 'துர்பிஸ்' (அழகற்ற, இழிவான) – 'துர்பிகுலுஸ்', 'துல்கிஸ்' (இனிய) – 'துல்கிகுலுஸ்'. ஒப்பீட்டு வடிவத்துடனும் இதே ஒட்டு சேரும். அப்போது 'அதைவிடச் சற்றே கூடுதலாக' என்னும் பொருள் கிடைக்கிறது. தெரென்ஸ் கி.மு. 163 இல் அரங்கேற்றிய நாடகம் ஒன்றில், ஓர் அடிமை 'தார்தியுஸ்குலுஸ்' எனப்படுகிறான். சற்று மந்தமானவன் என்பது பொருள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து எனப் பிரிக்கும் ஐரோப்பிய எழுத்தியலில் வழங்கும் 'மாயுஸ்குலா', 'மினுஸ்குலா' என்னும் பெயர்களும் இவ்வகையினவே. அவற்றின் நேர்ப்பொருள் 'சற்றே பெரியவை', 'சற்றே சிறியவை' என்பதாகும்.

குறுமையின் மேல் குறுமையும் உண்டு. 'தெனெல்லுஸ்' மேலும் சிறுத்து 'தெனெல்லுலுஸ்' ஆகிறது. 'பவுலுஸ்' (சிறிதளவான) 'பவுலுலுஸ்' ஆகிறது.

'-உலுஸ்' என முடியும் பெயரடைகள் அனைத்தும் குறுமைச் சொற்கள் அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வினையடியாகப் பிறந்த 'கிரெதுலுஸ்' (எளிதில் நம்பும்), 'கர்ருலுஸ்' (ஓயாது பேசும்), 'திரெமுலுஸ்' (நடுங்கும்) போன்றவற்றில் அவ்வீறு ஒரு செயலில் நாட்டம் அல்லது பழக்கம் உள்ளதைக் காட்டுகிறது. அவற்றில் சிறுமைப் பொருள் இல்லை. கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. ஈற்றைக் கழித்தபின் எஞ்சுவது பெயரடையா வினையா எனச் சோதித்தால் குழப்பம் நீங்கும்.

இலக்கண ஆசிரியர்களின் கருத்து

கி.பி. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொனாத்துஸ், குறுமைக்கு மூன்று படிகள் உண்டு என்றார். பொருள் சிறுக்கச் சிறுக்கச் சொல்லின் அசைகள் பெருகுவதையும் அவர் கவனித்தார். வடிவமும் பொருளும் எதிர்த்திசையில் செல்லும் இந்த முரண் இலத்தீனில் கண்கூடானது. 'பார்வுஸ்' இரண்டு அசை. அதைவிடச் சிறியதைச் சொல்லும் 'பார்வுலுஸ்' மூன்று அசை.

ஏறத்தாழ கி.பி. 500 இல் கான்ஸ்தாந்திநோபிளில் இலத்தீன் கற்பித்த பிரிஸ்கியான், தம் பேரிலக்கணத்தின் மூன்றாம் நூலில் குறுமைச் சொற்களை விரிவாக ஆராய்கிறார். அவை மூன்று காரணங்களுக்காக வழங்குகின்றன என்பது அவர் கருத்து: உண்மையிலேயே சிறியதைக் குறிக்க வேண்டிய தேவை, நகரத்தார்க்குரிய நயமான பேச்சு, குழந்தைகளிடம் காட்டப்படும் கொஞ்சல். அளவைக் குறிப்பது இம்மூன்றில் ஒன்று மட்டுமே என்பது நோக்கத்தக்கது. ஆயினும் ஏளனத்தை அவர் தனி வகையாக்கவில்லை. இலக்கியச் சான்றுகளைப் பார்க்கும்போது இது ஒரு குறையாகவே தோன்றுகிறது.

இக்கால ஆய்வுகளில், சுவீடிய அறிஞர் பெர்த்தில் ஆக்செல்சொன் 1945 இல் வெளியிட்ட நூல் உயர்நடைக் கவிஞர்கள் தவிர்த்த சொற்களை ஆராய்ந்தது. குறுமைச் சொற்களும் அவற்றுள் அடங்கும். 1951 இல் நோர்வேயின் பெர்கன் நகரில் வெளியான ஹான்சனின் நூல் இலத்தீன் குறுமைச் சொற்களின் பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டது. பல மொழிகளை ஒப்பிட்டு 1996 இல் கட்டுரை எழுதிய டேனியல் ஜுராஃப்ஸ்கி, குறுமை ஒட்டுகளின் எல்லாப் பொருள்களுக்கும் நடுவில் 'குழந்தை' என்னும் கருத்து இருப்பதாக வாதிட்டார். குழந்தை சிறியது, அன்புக்குரியது, அறியாதது, ஒரு பொருட்டாக மதிக்கப்படாதது. பரிவும் இளக்காரமும் ஒரே ஒட்டில் குடியிருப்பதற்கு இது ஏற்கத்தக்க விளக்கமாகும்.

பொருள் நுணுக்கங்கள்

பண்பின் அளவு குறைதல்

நிறச்சொற்களில் இது தெளிவாகத் தெரியும். 'ருபெல்லுஸ்' என்பது செக்கச் சிவந்ததன்று. சிவப்புச் சாயல் உள்ளது. கவிஞர் பெர்சியுஸ் (கி.பி. 34–62) வெய்யி ஊரின் மலிவான மதுவை இச்சொல்லால் குறிக்கிறார். நல்ல சிவப்பு மது அல்ல என்பது அங்கே குறிப்பு. ஆக, எளிய நிறச்சொல்லிலும் மதிப்பீடு ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது.

இரக்கம்

'மிசெல்லுஸ்' என்னும் சொல்லின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. மக்கள் பேச்சில் இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போது இது இயல்பாக வந்தது. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெத்ரோனியுஸின் புதினத்தில் விருந்துக்குத் தாமதமாக வரும் ஒருவன், ஓர் அடிமையின் இறப்புச் சடங்கில் உண்டுவிட்டு வந்ததைச் சொல்கிறான். இறந்த பின்பே விடுதலை அளிக்கப்பட்ட அந்த அடிமைக்கு அவன் தரும் அடைமொழி 'மிசெல்லுஸ்'. தமிழர் பேச்சில் 'பாவம்' என்று வருவது போன்றது இது.

ஏறத்தாழ கி.பி. 200 இல் கார்த்தேஜில் எழுதிய கிறித்தவ அறிஞர் தெர்த்துல்லியான் இவ்வழக்கையே தம் வாதத்துக்குக் கருவியாக்கினார். இறப்புக்குப் பின் எதுவும் இல்லை என்று கூறும் நீங்கள் இறந்தவனை ஏன் 'மிசெல்லுஸ்' என்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. வாழ்வை இழந்தான் என்பதற்காக அவ்வாறு சொல்லவில்லை, தீர்ப்புக்கு உட்பட்டுவிட்டான் என உங்கள் ஆன்மா அறிந்தே சொல்கிறது என்கிறார் அவர். வாதம் எல்லோருக்கும் ஏற்புடையதாக இராது. ஆனால் ஒரு சமயக் கொள்கையை நிறுவ ஒரு குறுமைப் பெயரடையைச் சான்றாக அழைக்கும் அளவுக்கு அச்சொல் அனைவர் நாவிலும் இருந்தது என்பது இதனால் தெரிகிறது.

ஏளனம்

கி.மு. 57 இல் யூலியஸ் சீசர் அதுவாத்துக்கி என்னும் மக்களின் கோட்டையை முற்றுகையிட்டார். உரோமர் தொலைவில் ஒரு முற்றுகைக் கோபுரத்தைக் கட்டியபோது மதில்மேல் நின்றவர்கள் சிரித்தார்கள். இவ்வளவு சிற்றுருவம் கொண்டவர்கள் இத்தனை பெரிய கோபுரத்தை எப்படி நகர்த்துவார்கள் என்று கேட்டார்கள். சீசர் அவர்கள் வாயில் வைக்கும் சொல் 'தந்துலுஸ்'. 'இவ்வளவு' எனப் பொருள்படும் 'தந்துஸ்' என்பதன் குறுமை வடிவம் அது. 'இத்துணூண்டு' என்று சொல்லலாம். சீசரின் நடை இறுக்கமானது, அணிகளை நாடாதது. அந்நடையில் பகைவரின் சிரிப்பை இந்தச் சொல் ஒன்றே கேட்கச் செய்கிறது. கோபுரம் நகரத் தொடங்கியதும் அவர்கள் சரணடைய முன்வந்தனர். பின்னர் இரவில் தாக்கித் தோற்றனர். அங்கிருந்து அடிமைகளாக விற்கப்பட்டோர் 53,000 பேர் எனச் சீசரே எழுதியுள்ளார்.

சிசெரோவின் கடிதங்களில் ஏளனம் நயமாக வரும். அவருடைய பகைவர் குளோதியுஸின் குடும்பப் பெயர் 'புல்கெர்'. அழகன் என்பது பொருள். கி.மு. 62 இறுதியில் பெண்களுக்கு மட்டுமே உரிய போனா தெயா சடங்கினுள் பெண் வேடத்தில் நுழைந்ததாகக் குளோதியுஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் மூதவையில் தம்மோடு வாதிட்டவரைச் சிசெரோ நண்பர் அத்திக்குஸுக்கு எழுதிய கடிதத்தில் 'புல்கெல்லுஸ்' ஆக்கிவிடுகிறார். குடும்பப் பெருமையைச் சுமந்த பெயர் ஓர் ஒட்டினால் 'சின்ன அழகன்' என்று சுருங்குகிறது. இந்தச் சின்ன அழகன் கொண்டுவந்த சட்டத்தால்தான் கி.மு. 58 இல் சிசெரோ நாடு கடந்து செல்ல நேர்ந்தது.

மெய்யியல் நூலிலும் அவர் இதைக் கையாண்டார். ஸ்டோயிக்கப் பள்ளியை நிறுவிய சீனோனின் சுருக்கமான தருக்க முடிவுகளைக் குறிக்க 'கூரிய' எனப் பொருள்படும் 'அகூதுஸ்' என்பதைச் சிறிதாக்கி 'அகூதுலுஸ்' என்று சொல்ல வைக்கிறார். கூர்மை உண்டு, ஆனால் அது ஊசியின் கூர்மை. வாளின் கூர்மை அன்று.

வெட்கமும் தன்னடக்கமும்

பிறரைச் சிறிதாக்குவது போலவே தன் குற்றத்தைச் சிறிதாக்கவும் இவ்வொட்டு உதவும். கி.மு. 56 இல் சீசர், பொம்பெய், கிராசுஸ் ஆகிய மூவரின் கூட்டணி புதுப்பிக்கப்பட்டபின், அதுவரை எதிர்த்து நின்ற சிசெரோ தம் நிலையை மாற்றிக்கொண்டு அவர்களுக்கு ஆதரவாக எழுதினார். அந்தப் பின்வாங்கல் எழுத்தைத் தாம் உடனே அனுப்பாததற்குக் காரணமாக அத்திக்குஸிடம் அவர் கூறும் சொல் 'சுப்துர்பிகுலா'. 'துர்பிஸ்' என்றால் இழிவான. முன்னால் 'சற்றே' என்னும் 'சுப்-'. பின்னால் குறுமை ஒட்டு. இழிவு என்னும் சொல்லை இருபுறமும் திணை வைத்து மூடியது போல இருக்கிறது இச்சொல். 'சற்றே இழிவாய்ப்பட்டது' என்று மொழிபெயர்த்தால் பொருள் பாதிதான் கிடைக்கும். வெட்கப்படுபவர் அந்த வெட்கத்தை நண்பருக்குச் சிரிப்பாக்கிக் காட்ட முயல்வது மீதிப்பாதி.

அன்பும் கொஞ்சலும்

இதே சிசெரோ, கி.மு. 44 நவம்பரில் அத்திக்குஸின் சிறு மகள் அத்திக்கா மகிழ்ச்சியாய் இருப்பதை 'ஹிலாருலா' என்று குறிப்பிடுகிறார். சீசர் கொல்லப்பட்டு எட்டு மாதங்கள் ஆன, எவர் உயிருக்கும் உறுதியில்லாத காலம் அது. அடுத்த ஆண்டே சிசெரோவும் கொல்லப்பட்டார். ஆயினும் இவ்விடத்தில் ஏளனமோ குறைவோ இல்லை; சிறுமியின் மகிழ்ச்சி குறைவானது என்பதும் பொருளன்று. சிறியவள் சிறுமிதான். அவளுடைய சிறுமை அவளைப் பற்றிய அடைமொழிக்கு இடம்பெயர்ந்துள்ளது.

கவிதையில் குறுமைப் பெயரடைகள்

கத்துல்லுஸ்

குறுமைப் பெயரடைகளை மிகுதியாகவும் துணிவாகவும் ஆண்ட கவிஞர் கி.மு. முதல் நூற்றாண்டின் கத்துல்லுஸ். காதலியின் வளர்ப்புக் குருவி இறந்ததைப் பாடும் புகழ்பெற்ற சிறு கவிதையில் குருவி 'மிசெல்லுஸ்' எனப்படுகிறது. அழுது வீங்கிய அவள் கண்கள் 'துர்கிதுலி' எனப்படுகின்றன. வீக்கம் சிறிதென்பதைவிட, வீங்கியபோதும் அழகு குன்றாத கண்கள் என்ற பார்வையே அச்சொல்லில் உள்ளது. கண்ணைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் அங்கே குறுமை வடிவிலேயே உள்ளது. பெயரும் அடையும் சேர்ந்து குறுமை பெறும் இத்தகைய இடங்களில் அடையின் ஒட்டுக்குத் தனிப்பொருள் தேட வேண்டியதில்லை, அது வெறும் இயைபு எனக் கூறுவோரும் உளர். சில இடங்களுக்கு இது பொருந்தலாம்.

எனினும் கத்துல்லுஸ் ஒட்டைத் தேர்ந்தே பயன்படுத்தினார் என்பதற்கு, அவர் அதைத் தவிர்த்த இடம் சான்றாகிறது. தொலைநாட்டில் இறந்த தம் உடன்பிறந்தானின் கல்லறைக்குச் சென்று அவர் பாடிய பத்தடிப் பாடலில் ஒரு குறுமைச் சொல்லும் இல்லை. அங்கே இறந்தவன் 'மிசெர்', 'மிசெல்லுஸ்' அல்லன். குருவிக்குக் கொடுத்த ஒட்டை உடன்பிறந்தானுக்கு அவர் கொடுக்கவில்லை. இப்பாடலின் யாப்பும் நடையும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு 'மிசெல்லுஸ்' என்பதில் எவ்வளவு விளையாட்டு கலந்திருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

வசையிலும் அவர் இதையே கையாண்டார். சீசரையும் அவருடைய பொறியியல் அலுவலர் மாமுர்ராவையும் ஒருங்கே இழித்துரைக்கும் பாடலில் இருவரும் 'எருதிதுலி' எனப்படுகின்றனர். 'படித்த' என்பதன் குறுமை. அரைகுறைப் புலவர்கள் என்பது போன்ற குத்தல் இது. மாமுர்ரா பற்றிய பாடல்கள் தம் பெயருக்கு நிலைத்த களங்கம் ஏற்படுத்தியதாகச் சீசர் கருதினார் என்றும், கவிஞர் மன்னிப்புக் கேட்ட அன்றே அவரை விருந்துக்கு அழைத்தார் என்றும் வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதியுள்ளார்.

இவ்வொட்டு கவிஞர்மீதே திரும்பியதும் உண்டு. தம் கவிதைகள் 'மொல்லிகுலி' – மென்மையானவை, ஆண்மைக்கு ஒவ்வாதவை – என்பதால் தம்மையும் அவ்வாறே எண்ணிய இருவருக்கு அவர் மிகக் கடுமையான மறுமொழி ஒன்று எழுதினார். உரோமச் சமூகத்தில் அது சிறிய பழி அன்று.

அரியாத்னேயும் திதோவும்

கத்துல்லுஸின் நீண்ட கவிதை 408 அடிகள் கொண்டது. தேசெயுஸால் தீவில் கைவிடப்பட்ட அரியாத்னே அதில் புலம்புகிறாள். அவளுடைய விம்மல்கள் 'ஃபிரிகிதுலி' எனப்படுகின்றன. உயிர் பிரியும் நிலையில் எழும் குளிர்ந்த விம்மல்கள் அவை. குளிர் குறைவு என்று கொள்ள வழியில்லை. விம்மல் மெலிந்தது, விம்முபவள் இரங்கத்தக்கவள். வீரக்காப்பிய யாப்பில் இப்படிப்பட்ட சொற்களை அமைத்தது அக்காலத்துப் புதுமை.

வெர்கில் அந்த அரியாத்னேயை மனத்திற்கொண்டே தம் திதோவைப் படைத்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் வெர்கிலின் காப்பிய நடை குறுமைச் சொற்களை ஏற்பதில்லை. 'ஈனெயிட்' காப்பியத்தின் நான்காம் நூலில், தன்னை விட்டு மறைவாகப் புறப்படும் ஈனெயாஸிடம் கார்த்தேஜின் அரசி திதோ முறையிடுகிறாள். அவன் போவதற்கு முன் அவனால் தனக்கு ஒரு பிள்ளையாவது பிறந்திருந்தால், அவன் முகச்சாயலுடன் ஒரு குட்டி ஈனெயாஸ் அரண்மனை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தால், தான் முற்றிலும் கைவிடப்பட்டவளாய் உணர்ந்திருக்க மாட்டாள் என்கிறாள். இங்கே வரும் சொல் 'பார்வுலுஸ்'. காப்பியம் முழுவதிலும் குறுமைப் பெயரடை ஒன்று உணரத்தக்க பொருளுடன் வருவது இந்த ஓரிடத்தில்தான் என்பதை உரையாசிரியர்கள் வழக்கமாகச் சுட்டுவர். அரசியின் பேச்சில் அதுவரை இருந்த முறையும் சினமும் இச்சொல்லில் உடைந்துவிடுகின்றன. பன்னிரண்டு நூல்கள் கொண்ட காப்பியத்தில் வீட்டுப் பேச்சின் சொல் ஒன்று, பிறக்காத குழந்தைக்காக மட்டும் நுழைகிறது.

உரோமரும் இவ்விடத்தை நன்கு நினைவில் வைத்திருந்தனர். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய அங்கதக் கவிஞர் யுவெனால், செல்வரிடம் அவமதிப்பு விருந்துண்ணும் ஏழையைப் பார்த்து, உனக்கு மதிப்பு வேண்டுமானால் உன் வீட்டு முற்றத்தில் குட்டி ஈனெயாஸ் எவனும் விளையாடக் கூடாது என்கிறார். பிள்ளை இல்லாத செல்வரின் சொத்துக்கு ஆசைப்பட்டு அவரைச் சூழ்வது அக்கால வழக்கம். திதோவின் ஏக்கம் இங்கே உயில் வேட்டைக்காரர்களின் கணக்காகிவிடுகிறது.

பின்வந்தோர்

மார்சியாலின் எபிகிராம்களில் 'பெல்லுஸ்' என்பது எல்லாவற்றையும் அழகாகச் செய்தும் எதையும் நன்றாகச் செய்யாத நாகரிக இளைஞர்களுக்கான பட்டம். 'பெல்லுஸ்', 'போனுஸ்' இரண்டும் ஒரே வேரின் சொற்கள் என்பதை நினைத்தால் இக்கிண்டல் மேலும் சுவைக்கும். கி.பி. 138 இல் இறந்த பேரரசர் ஹத்ரியானுடையதாகச் சொல்லப்படும் ஐந்தடிக் கவிதையும் இங்கே குறிப்பிடத்தக்கது. உடலை விட்டுப் பிரியும் தன் உயிரை அழைக்கும் அக்கவிதையில் 'வகுலா' (அலையும்), 'நூதுலா' (ஆடையற்ற) உள்ளிட்ட நான்கு குறுமைப் பெயரடைகள் உள்ளன. பேரரசை ஆண்டவர் தன் உயிரை வளர்ப்புப் பிராணியைக் கொஞ்சுவது போல அழைப்பதாக ஒரு சாராரும், அச்சத்தை மறைக்கவே அவ்வாறு பேசுவதாக மற்றொரு சாராரும் படிக்கின்றனர். இரண்டாம் நூற்றாண்டில் அபுலெயுஸின் உரைநடையில் இச்சொற்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகின; அங்கே பல இடங்களில் ஒலிநயமே முதன்மை பெறுகிறது.

தமிழில் பெயர்ப்பதன் சிக்கல்

தமிழில் 'குட்டி', 'சிறு', 'குறு' போன்றவை பெயரின் முன் வருவன. பண்பைக் குறிக்கும் சொல்லைச் சிறிதாக்கும் ஒட்டு இல்லை. 'சற்றே', 'கொஞ்சம்' ஆகியவை அளவைக் குறைக்கும். அன்பையோ இளக்காரத்தையோ சேர்க்கமாட்டா. ஆகையால் மொழிபெயர்ப்பவர் இலத்தீன் சொல்லில் கலந்து கிடக்கும் சாயல்களில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விட வேண்டியுள்ளது. பெரும்பாலும் அடையிலுள்ள சிறுமையைப் பெயருக்கு மாற்றி, 'வீங்கிச் சிவந்த சின்னக் கண்கள்' என்பது போல அமைப்பதே இயல்பாக ஒலிக்கிறது. 'மிசெல்லுஸ்' என்பதற்கு மட்டும் 'பாவம்' என்னும் சொல் ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகிறது.

பிற்கால வரலாறு

பேச்சு இலத்தீனில் குறுமை வடிவங்கள் மிகுதியாக வழங்கவே, அவற்றின் சிறுமைப் பொருள் தேய்ந்தது. பல இடங்களில் மூலச்சொல் மறைய, குறுமைச் சொல்லே அதன் இடத்தைப் பிடித்தது. 'வெதுஸ்' என்றால் பழைய அல்லது முதிய. 'வெதுலுஸ்' செவ்வியல் காலத்தில் பெரும்பாலும் இகழ்ச்சிச் சொல். அதுவும் முதிய பெண்களைக் குறித்தால் கடும் இகழ்ச்சி. ஆனால் இத்தாலியத்தின் 'வெக்கியோ', எசுப்பானியத்தின் 'வியேஹோ', பிரெஞ்சின் 'வியூ' ஆகியவை 'வெதுலுஸ்' வழிவந்தவை. 'வெக்லுஸ்' என்று ஒலிக்காதே, 'வெதுலுஸ்' என்று சொல் எனத் திருத்தும் பிற்காலப் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று கிடைத்துள்ளது. இன்றைய சொற்கள் அனைத்தும் அந்தப் 'பிழை'யிலிருந்தே பிறந்தன. இதேபோல் 'நொவெல்லுஸ்' பிரெஞ்சில் 'நூவோ' (புதிய) ஆயிற்று; 'பெல்லுஸ்' இத்தாலியத்தில் 'பெல்லோ' (அழகிய) ஆயிற்று. ஆண் எனப் பொருள்படும் 'மாஸ்' என்பதன் குறுமையான 'மாஸ்குலுஸ்' இன்று ஆண்மையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களுக்கு மூலம் என்பது மொழியின் குறும்பு.

பெயர்களிலும் இது தொடர்ந்தது. புதிய ஏற்பாட்டில் பவுல் தம் கடிதங்களில் 'பிரிஸ்கா' எனக் குறிப்பிடும் பெண்ணை, திருத்தூதர் பணிகள் நூல் 'பிரிஸ்கில்லா' என்கிறது. பேரரசர்களின் பட்டமான 'அவ்குஸ்துஸ்' முதலில் 'போற்றத்தக்க' எனப் பொருள்படும் பெயரடையே. மேற்கு உரோமின் கடைசிப் பேரரசராக வழக்கமாகக் கருதப்படும் ரோமுலுஸ் அவ்குஸ்துஸ் சிறுவராய் இருந்ததால் 'அவ்குஸ்துலுஸ்' என அழைக்கப்பட்டார். கி.பி. 476 இல் ஒதோவாகர் அவரைப் பதவி நீக்கினார். அந்தக் கிண்டற்பெயராலேயே வரலாற்று நூல்கள் இன்றும் அவரைக் குறிக்கின்றன.

அறிவியற் பெயர்களில்

தாவரவியலும் மருத்துவமும் இச்சொற்களை நிறச்சாயல் குறிக்க எடுத்துக்கொண்டன. கருஞ்சீரகத்தின் பேரினப் பெயரான 'நிகெல்லா', அதன் கரிய விதைகளால் வந்தது. சிவப்புச் சாயல் எனப் பொருள்படும் 'ருபெல்லா' ஒரு நோயின் பெயராயிற்று. செருமானிய மருத்துவர்கள் முன்பே விவரித்திருந்த அந்நோயை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயப் படை மருத்துவர் ஹென்றி வீல், 1866 இல் இப்பெயரை முன்வைத்தார். தோலில் இளஞ்சிவப்புத் தடிப்பு தோன்றிச் சில நாளில் மறையும் எளிய நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1941 இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு இந்நோய் கண்டால் குழந்தை கண்புரையுடன் பிறக்கக்கூடும் என்பதைக் காட்டினார். காதுகேளாமையும் இதயக் குறைகளும் அதனால் ஏற்படுவது பின்னர் உறுதியாயிற்று. தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 இல் இந்தியாவில் தொடங்கியபோது, முதற்கட்டத்தில் இடம்பெற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.